தூக்கணாங்குருவியிலிருந்து தொடங்குங்கள்: வேலூர்ப் பக்கம் விலங்கு நடத்தையை ஆராய ஒரு வழிகாட்டி

விலங்கு நடத்தை ஆய்வு என்றதும் பலருக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியும் சிங்கமும் ஜீப்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்துவிட்ட பழைய வட ஆர்க்காட்டில் இருப்பவர்களுக்கு ஜீப் தேவையில்லை. ஏரிக்கரை, கரைமேல் நாலு பனைமரம், கீழே நெற்கழனி, இது போதும். கல்லூரியில் விலங்கியல் படிப்பவர், பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்றவர், யாராக இருந்தாலும் ஒரு பருவம் முழுக்க வாரத்துக்கு இரண்டு காலை ஒதுக்க முடிந்தால் உருப்படியான ஆய்வு ஒன்றைச் செய்துவிடலாம். ஓர் உயிரினம் தன் துணையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைக்கூட, அவை இணைசேர்வதை ஒரு தடவையும் பார்க்காமலே, எண்ணிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி

ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஆசை பெரிதாக இருக்கும். "பறவைகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?" என்று கேட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். கேள்வி ஒரு மரத்துக்குள் அடங்க வேண்டும்.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு நல்ல வழி காட்டுகிறது. கார்ல் ஃபான் ஃபிரிஷ், கொன்ராட் லோரன்ஸ் இருவரோடும் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். எந்த நடத்தையைப் பற்றியும் நான்கு விதமாகக் கேட்கலாம் என்றார். அதை இப்போது எது தூண்டுகிறது? குஞ்சுப் பருவத்திலிருந்து அது எப்படி வளர்ந்து வந்தது? அதனால் அந்த உயிருக்கு என்ன பலன்? பரிணாமத்தில் அது எங்கிருந்து வந்தது? புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதை எடுத்துக்கொள்வது நல்லது. முதல் கேள்வி ஹார்மோன் வரை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவதற்குப் பல வருடம் வேண்டும். நான்காவதற்குப் பல இனங்களை ஒப்பிட வேண்டும். பலன் பற்றிய கேள்வியைக் கண்ணும் நோட்டும் வைத்தே ஓரளவு தொட்டுவிடலாம்.

ஏன் தூக்கணாங்குருவி

மயில் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, தெருநாய் இருக்கிறது. மயில் நாம் கிட்டே போனதும் புதருக்குள் நழுவிவிடும். குரங்கு நம் பையைத்தான் ஆராயும். தூக்கணாங்குருவி தன் வேலையைத் திறந்த வெளியில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் செய்கிறது. அது செய்த வேலையும் நாம் எண்ணுவதற்குத் தோதாகத் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

அதன் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு போங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையுச்சியும் மார்பும் மஞ்சளாகும். மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பெண் சிட்டுக்குருவி சாயலில் இருக்கும். கூடு கட்டுவது ஆண். நெல் தாளிலோ புல்லிலோ ஓரத்தை அலகால் கொஞ்சம் கடித்துக் கீறி, கீறிய நுனியைப் பிடித்தபடியே பறந்துவிடும். அந்த வேகத்தில் நீளமான நார் ஒன்று உரிந்து வந்துவிடும். இதைப் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் கழனியில் அதை அடையாளம் காண அப்புறம் சிரமமே இருக்காது. ஒரு கூட்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான நடை.

முதலில் ஓலை நுனியில் ஒரு முடிச்சு. பிறகு ஒரு வளையம். பிறகு அந்த வளையத்தின் ஒரு பக்கம் கூரை இறங்கி, முட்டை அறைக்கான குழிவு உருவாகும். பார்க்க ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டியது போல இருப்பதால் ஆய்வாளர்களும் இதை ஹெல்மெட் நிலை என்றே சொல்கிறார்கள். இங்கே ஆண் வேலையை நிறுத்திவிடும். பெண்கள் வரும்போது வளையத்தில் தொங்கியபடி இறக்கையைப் படபடவென்று அடித்துக் கத்தும். பெண் உள்ளே புகுந்து நாரை இழுத்துப் பார்க்கும், குத்திப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். ஒரு பெண் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆண் முட்டை அறையை மூடி, கீழ்நோக்கிய நுழைவுக் குழாயைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டுக்கு முடிச்சுப் போடும், அடுத்த பெண்ணை எதிர்பார்த்து. பறவையியலாளர் சாலிம் அலி 1930-இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடற்கரை கிராமத்தில் இதை நாள்தோறும் உட்கார்ந்து பார்த்து, மறு வருடம் எழுதினார். அவரிடம் அன்று இருந்த கருவிகளைவிட இன்று உங்கள் சட்டைப் பையில் அதிகம் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹெல்மெட்டோடு நின்றுபோன கூடு என்றால் பெண் ஏற்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். குழாய் வரை போன கூடு என்றால் ஏற்றுக்கொண்டது. பெண்ணின் தேர்வு மரத்திலேயே எழுதித் தொங்குகிறது. எண்ணுவதுதான் நம் வேலை.

நம் ஊருக்கென்று ஒரு கேள்வி

தூக்கணாங்குருவிக் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் தொங்கும், தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக இருப்பதற்காக என்று இந்தியாவின் பல பகுதிகளில் பதிவு இருக்கிறது. ஆனால் வேலூர்ப் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆடி, ஆவணியில் காற்று ஒரு பக்கம், ஐப்பசியில் வேறு பக்கம். அப்படியானால் இங்கே கிழக்குப் பக்கக் கூடுகளைப் பெண்கள் அதிகம் ஏற்கின்றனவா? ஐப்பசி நெருங்கும்போது அது மாறுகிறதா? ஒரு பருவத்துக்குப் போதுமான கேள்வி இது.

திசை வேண்டாம் என்றால் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மேலே தொங்கும் கூடு, தரைக்கு மேலே தொங்கும் கூடு என்று பிரிக்கலாம். முள் உள்ள கருவேல மரம், முள் இல்லாத மரம் என்றும் பிரிக்கலாம். பறவை ஆய்வாளர் சுஹேல் காதர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டின் கட்டுமான நேர்த்தியைவிட அது தொங்கும் இடம்தான் பெண்ணின் தேர்வில் முக்கியமாக இருந்தது என்று காட்டினார். ஆண் எவ்வளவு அழகாகப் பின்னினாலும் மனை சரியில்லை என்றால் குடிவர ஆள் இல்லை. உங்கள் ஏரியிலும் அப்படித்தானா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை. ஓர் இடத்தில் கண்டது வேறு இடத்திலும் நிற்கிறதா என்று சரிபார்ப்பது ஆய்வில் பாதி.

இடம் பிடிப்பது

மழை விழுந்து நாற்று நட்ட கழனிக்கும் நீர் உள்ள ஏரிக்கும் நடுவே பனையோ ஈச்சமோ கருவேலமோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கூடுகள் காய்ந்து தொங்கினால் நல்ல அறிகுறி, ஏனென்றால் ஒரே இடத்துக்கு அவை வருடாவருடம் வருவதுண்டு. கழனிக் கிணற்றுக்கு மேல் சாய்ந்த மரங்களையும் விட்டுவிடாதீர்கள். காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரி பறவை பார்க்க நன்றாக இருக்கும், இந்த வேலைக்குச் சிறிய ஏரியே மேல். வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான் முக்கியம். தொலைவில் உள்ள அழகான இடத்துக்கு மூன்றாம் வாரம் போக மாட்டீர்கள்.

கழனிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "இன்னாப்பா, காலைலேர்ந்து பனையையே பாத்துனு கீறீங்க?" என்ற கேள்வி வரும், அதுவும் சந்தேகத்தோடு. சொல்லிவிட்டால் அவரே உதவியாளர் ஆகிவிடுவார். போன வாரம் எந்தக் கூடு காற்றில் விழுந்தது, எந்த மரத்தில் நுங்கு வெட்ட ஆள் ஏறினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் வாரம்: நோட்டை மூடி வையுங்கள்

காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை நல்ல நேரம். அதற்கு மேல் வேலூர் வெயில் உங்களையும் குருவியையும் சேர்த்தே ஓய வைத்துவிடும். 8×42 பைனாகுலர் இருந்தால் சௌகரியம், இரவல் வாங்கினாலும் போதும். மரத்திலிருந்து 25, 30 மீட்டர் தள்ளி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்த பிறகும் குருவிகள் எச்சரிக்கைக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள்.

முதல் வாரம் எண்ண வேண்டாம். பார்த்துக்கொண்டே இருங்கள். அது என்னென்ன செய்கிறது என்று கண் பழகட்டும். வார முடிவில் நடத்தைப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். எத்தோகிராம் என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு செயலுக்கும் பெயரும், உடல் என்ன செய்தது என்ற விளக்கமும் வேண்டும். "ஆண் பெருமையாகக் காட்டிக்கொண்டது" என்று எழுதினால் உங்கள் நண்பர் அதை வைத்து எதையும் எண்ண முடியாது. "ஆண் கூட்டின் அடிவிளிம்பைக் காலால் பற்றித் தொங்கியபடி இரண்டு இறக்கையையும் தொடர்ந்து அடித்தது" என்று எழுதினால் யாரும் எண்ணலாம். கோபம், காதல், சோகம் இவையெல்லாம் பட்டியலில் வரக்கூடாது. பத்து வரி போதும்: நார் கொண்டுவருதல், பின்னுதல், இறக்கை அடித்தல், பெண் நுழைதல், பெண் நாரைக் குத்துதல், ஆண் ஆணைத் துரத்துதல், நார் திருடுதல் (ஆமாம், பக்கத்துக் கூட்டிலிருந்து உருவிக்கொண்டு போவதும் நடக்கும்), இப்படி.

கூட்டுக்கு எண்

குருவிகளுக்குக் காலில் வளையம் போடுவது உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் வேலை. அதனால் நமக்கு எந்த ஆண் எது என்று தெரியாது. நம் கணக்கின் அலகு குருவி இல்லை, கூடு. இதை மறந்தவர்கள் "12 ஆண்களைக் கவனித்தேன்" என்று எழுதிவிடுகிறார்கள். அவற்றில் நாலு கூடு ஒரே ஆணுடையதாக இருக்கும்.

மரத்துக்கு ஓர் எழுத்து, கூட்டுக்கு ஓர் எண். கீழே நின்று அண்ணாந்து பார்த்து மரத்தின் தலையை வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். செல்போன் திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்து, ஒவ்வொரு கூட்டையும் வட்டத்தில் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு வாரமும் ஒரு போட்டோ எடுப்பது கட்டாயம். அடுத்த வாரம் ஏழாம் எண் கூடு எது என்று குழம்பும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

ஒவ்வொரு வருகையிலும் ஒவ்வொரு கூட்டுக்கும் நிலையை எழுதுங்கள். முடிச்சு 1, வளையம் 2, ஹெல்மெட் 3, மூடிய அறை 4, முழுக் குழாய் 5. விழுந்துவிட்டால் 0, காரணம் தெரிந்தால் அதையும் பக்கத்தில். காற்றில் விழுந்ததும் பெண் வேண்டாம் என்று விட்டதும் ஒன்றல்ல. கூட்டை முதலில் பார்த்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். ஆவணி முதல் வாரம் கட்டிய கூட்டுக்குப் பெண் வந்து பார்க்க இரண்டு மாதம் இருக்கிறது, புரட்டாசி கடைசியில் கட்டியதற்கு அவ்வளவு இல்லை. ஒரே வாரத்தில் ஹெல்மெட் ஆன கூடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் நியாயம்.

நடத்தையை எண்ணுவது

கூட்டின் நிலையை மட்டும் எழுதினாலே ஆய்வு நிற்கும். ஆண் இறக்கை அடிப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் எண்ணும் முறை ஒன்று வேண்டும். கண்ணுக்குப் பட்டதை எழுதினால் சண்டையும் துரத்தலும்தான் நோட்டை நிரப்பும், ஏனென்றால் நம் கண் அதற்குத்தான் திரும்பும். கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையில் யாரும் இதில் அலட்சியமாக இருக்க முடியவில்லை. அவர் விளக்கிய முறைகளில் இரண்டு நமக்குப் போதும்.

ஒன்று, ஒரே கூட்டைத் தொடர்வது. சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, அந்தக் கூட்டை மட்டும் 10 நிமிடம் பாருங்கள். பக்கத்தில் என்ன கூத்து நடந்தாலும் திரும்பக் கூடாது. எத்தனை முறை நார் வந்தது, எத்தனை முறை இறக்கை அடித்தது, பெண் வந்ததா, எத்தனை நொடி இருந்தது என்று எழுதுங்கள். மணி அடித்ததும் அடுத்த சீட்டு. சீட்டு எதற்கு என்றால், இல்லாவிட்டால் சுறுசுறுப்பான கூட்டையே கை தேடும்.

இரண்டாவது, 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடமிருந்து வலமாக மரம் முழுக்க ஒரு பார்வை ஓட்டி, அந்தக் கணத்தில் எத்தனை ஆண் பின்னுகிறது, எத்தனை தொங்கி அடிக்கிறது, எத்தனை கூடு ஆளில்லாமல் இருக்கிறது என்று எண்ணுவது. கோயில் மலைகளில் குரங்குக் கூட்டம் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே முறைதான் தோது. யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்பதை இப்படித்தான் எண்ண வேண்டும்.

நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் ஒரே கூட்டை இருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் 10 நிமிடம் எழுதிப் பாருங்கள். இரண்டு நோட்டும் பொருந்தவில்லை என்றால் தப்பு பட்டியலில் இருக்கிறது. விளக்கத்தைத் திருத்திவிட்டுத் தொடருங்கள்.

குரல்

தூக்கணாங்குருவி ஆண்கள் கூட்டாகச் சிட் சிட் என்று கத்தி, நடுவே நீளமாக இழுக்கும். செல்போனில் பதிவு செய்யலாம். வேவ் வடிவத்தில் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம், அது ஒலியின் சில பகுதிகளை வெட்டிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தால் குரல் படமாகத் தெரியும். ஆனால் மரம் முழுக்கக் கத்தும்போது ஒரு ஆணின் குரலைப் பிரிப்பது கடினம், அதனால் முதல் பருவத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குரலில்தான் ஆர்வம் என்றால் பூச்சிக்குப் போங்கள். மர சிள்வண்டு வகை ஒன்றில் சில ஆண்கள் இலையில் ஓட்டை போட்டு, அதில் தலையை நுழைத்து, இறக்கையை இலையோடு ஒட்டினாற்போல் வைத்துக் கத்துகின்றன. இலை ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது. ரோஹிணி பாலகிருஷ்ணனின் பெங்களூர் ஆய்வுக்குழு 2020-இல் வெளியிட்டது இது. சிறிய, குரல் மெலிந்த ஆண்கள்தான் இந்த உபாயத்தை அதிகம் கையாள்கின்றன, பெண்களும் வந்துவிடுகின்றன. ராத்திரி டார்ச்சோடு புதர் ஓரம் போகத் துணிவு இருப்பவர்களுக்கு ஏற்றது. மழைக்காலத் தவளையும் அப்படித்தான், நாலு நாள் கச்சேரி, பிறகு அமைதி. வேலையை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தால்தான் பிடிக்க முடியும்.

பனை இல்லாதவர்களுக்குப் பாறை

வேலூரைச் சுற்றிப் பாறைக் குன்றுக்கா பஞ்சம்? பாறை ஓணான் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் நிறம் மாற்றுவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். மரியா தாக்கரும் அனுராதா படபியாலும் 2017-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, பெண்ணுக்கு முன்னால் முதுகு சிவந்து பக்கவாட்டுகள் கறுக்கும். இன்னொரு ஆணுக்கு முன்னால் முதுகு மஞ்சளாகிப் பக்கவாட்டுகள் ஆரஞ்சாகும், அதுவும் வேகமாக. பச்சோந்தி மட்டும்தான் நிறம் மாற்றும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி. ஒரு பாறை, ஒரு ஆண், 15 நிமிடம்: தலையசைப்பு எத்தனை, முன்கால் ஊன்றி எழுதல் எத்தனை, எதிரே யார் இருந்தார்கள், நிறம் என்ன. காலை வெயில் ஏறும் நேரம் பாருங்கள், பாறை சூடாகாமல் அது வெளியே வராது. நிறத்தை எழுதும்போது வண்ண அட்டை ஒன்றோடு ஒப்பிட்டு எழுதுவது நல்லது, ஏனென்றால் மேகம் மறைத்தால் ஆரஞ்சு நம் கண்ணுக்குப் பழுப்பாகும்.

செய்யக் கூடாதவை

கூட்டைத் தொடாதீர்கள், ஓலையை வளைத்துப் பார்க்காதீர்கள், முட்டையைப் படமெடுக்க ஆள் ஏற்றாதீர்கள். பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற கணக்கிலேயே வைக்கிறது. பதிவு செய்த குரலை மரத்தடியில் போட்டுக் காட்டுவதும் வேண்டாம், ஆண் இல்லாத எதிரியைத் தேடித் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ளும். ஜவ்வாது மலையிலும் வேலூரைச் சுற்றியும் பல குன்றுகள் காப்புக்காடு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, உள்ளூர்க்காரர் கூட வந்தாலும் சரி. சமூக ஊடகத்தில் போடும்போது ஊர் பெயரைச் சொன்னாலும் மரத்தின் இடத்தைச் சொல்லாதீர்கள்.

ஏரிக்கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும். ஷூ போடுங்கள், கையில் கம்பு இருக்கட்டும், காலை வைக்குமுன் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம், நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மாதிரி விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போங்கள்.

கணக்கைப் பார்ப்பது

வீட்டுக்கு வந்த அன்றே நோட்டில் உள்ளதை எக்செல்லில் ஏற்றுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு கூடு, ஒரு வருகை. நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள், மழை நாட்களில் பென்சில்தான் நிற்கும், பேனா மை ஓடிவிடும்.

பருவ முடிவில் கிழக்குப் பக்கம் 20 ஹெல்மெட்டில் 12 குழாய் வரை போனது, மேற்கில் 18-இல் 5 என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் துள்ளத் தோன்றும். இப்படிப்பட்ட வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்குமா என்று பார்க்க ஃபிஷர் சோதனை என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம். இந்த எண்களுக்கு அது உறுதியாகச் சொல்ல முடியாத விளிம்பில்தான் நிற்கும். ஒரு ஆணின் பல கூடுகள் ஒரே பக்கம் இருந்திருந்தால் இன்னும் பலவீனம். அப்படி வந்தால் என்ன செய்வது? வந்ததை வந்தபடி எழுதுங்கள், இன்னொரு ஏரியைச் சேர்த்து அடுத்த வருடமும் எண்ணுங்கள். வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

அறிக்கைக்கு இரண்டு பக்கம் போதும்: என்ன கேட்டேன், எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எப்படி எண்ணினேன், என்ன வந்தது, எதை நம்ப முடியவில்லை. இனத்தின் பெயரும் இடமும் எண்ணிக்கையும் ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம், அதில் இனப்பெருக்கக் குறியீடுகளுக்கும் இடம் இருக்கிறது. எத்தோகிராமையும் எண்களையும் அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையில் ஒருவரிடம் காட்டுங்கள். தீபாவளி வாரத்துக் குறிப்புகளை மட்டும் தனியாக வைத்துவிடுங்கள், வெடிச்சத்தம் உள்ள நாட்களை மற்ற நாட்களோடு கலக்கக் கூடாது.